நிலையத்திலிருந்து வீடு வரை

மாலை ஆறு மணி. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து புறப்பட்ட மின்சார ரயில் திருமயிலை நிலையத்தின் உயர்ந்த மேடையில் வந்து நின்றது. இறங்கிய கூட்டத்தில் எண்பத்து நான்கு வயது முதியவர் ஒருவரும் அவருடைய பேரனும் இருந்தனர். முதியவர் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பேரன் கட்டுமானப் பொறியியல் பயிலும் மாணவன். நகரின் நெடுந்தொலைவை அரைமணி நேரத்துக்குள் கடந்து வந்துவிட்ட அவ்விருவருக்கும் எஞ்சியிருந்தது சிறு தொலைவே. பேரன் தனியே நடந்தால் அதனைப் பத்து நிமிடத்தில் கடப்பான். தாத்தாவுடன் நடந்தாலோ அரைமணி நேரம் ஆகும். முதியவரின் கால்கள் தளர்ந்துவிட்டன என்று எண்ணிவிடலாகாது. அவர் நடக்கும் நேரத்தைவிட நிற்கும் நேரமே மிகுதி.

அவர்கள் செல்லும் தெருவில் நடைபாதை உண்டு. ஆனால் அது பத்தடி சென்றதும் மின்சாரப் பெட்டி ஒன்றில் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதனைச் சுற்றிச் சாலையில் இறங்கி மீண்டும் ஏறினால், இளநீர் விற்பவர் ஒருவர் காய்களைக் குவித்து வைத்திருக்கிறார். அவரைக் குறை கூற மனம் வருவதில்லை. அவரிடம் வாங்கிப் பருகுவோரும் நடந்து வருவோரே அன்றோ? அவரை அடுத்து இரு சக்கர வண்டிகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் கற்கள் பெயர்ந்த பள்ளம். சாலையைவிட நடைபாதை முழங்கால் உயரம் மேலே இருப்பதால், ஒவ்வொரு தடையிலும் இறங்குவதும் ஏறுவதும் முதியவர்க்கு ஒரு மாடிப்படியைக் கடப்பது போல் ஆகின்றன.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் இவ்வாறு இறங்கியபோதுதான் ஸ்கூட்டர் ஒன்று அவரை இடித்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வண்டியோட்டி வந்த இளைஞன் கெட்டவன் அல்லன். அவனே அவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். ஆறு வாரத்தில் எலும்பு கூடிற்று. ஆனால் நாள்தோறும் மாலையில் தனியே நூலகம் சென்றுவந்த வழக்கம் அன்றோடு நின்றது. வீட்டார் அவரைத் தனியே விடுவதில்லை, அவரும் கேட்பதில்லை.

அன்று மாலை தெருமுனையில் இருவரும் சாலையைக் கடக்க நின்றனர். தரையில் வெள்ளைக் கோடுகள் தெளிவாகவே இருந்தன. ஆயினும் எந்த வண்டியும் அவற்றைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதியவர் ஓரடி எடுத்து வைத்தார், கார் ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு விரைந்தது, அவர் பின்வாங்கினார்.

"வண்டியோட்டுவோர்க்கும் அவசரம் இருக்குமல்லவா, தாத்தா?" என்றான் பேரன். "நான் மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்றே வாழ்நாள் வரி முழுவதையும் கட்டிவிட்டேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் மறுபடியும் வரி கட்டுகிறேன். சாலைக்கென நடப்பவர் என்ன கட்டுகிறார்?"

முதியவர் சினங்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவர்க்குக் கேள்வியினும் இனியது வேறொன்றில்லை.

"நீ கட்டிய வரி எங்கே போயிற்று?" என்று வினவினார்.

"சாலைக்குத்தான்."

"இல்லை, தம்பி. அது மாநில அரசின் பொதுக் கருவூலத்துக்குப் போயிற்று. அங்கிருந்து பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் போவதுபோலச் சாலைக்கும் போகிறது. நான் வாங்கும் சட்டைக்கும் சோப்புக்கும் கட்டும் வரியும் அதே கருவூலத்தில்தான் சேருகிறது. மேலும் நாம் நிற்கும் இந்தத் தெருவைப் போடுவது மாநகராட்சி. அதற்கு நம் வீட்டுக்கான சொத்து வரியை ஆண்டுதோறும் கட்டுபவன் நான்!"

பேரன் நகைத்தான், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்ரோல், டீசல் ஆகியவற்றின் மீது விதிக்கும் தீர்வையின் ஒரு பகுதியைச் சாலைக்கெனவே ஒதுக்கும் சட்டம் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டதை அவன் எடுத்துக் காட்டினான். முதியவர் அதனை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள வேண்டிய செய்திதான். ஆனால் அச்சட்டமே அப்பணத்தில் ஒரு பங்கை ரயில்பாதை மீது அமையும் மேம்பாலங்களுக்கு வகுத்ததையும், 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் பிற கட்டமைப்புப் பணிகளுக்கும் அதனைத் திறந்துவிட்டதையும் அவன் கூறாமல் விட்டான். இளமையில் வாதம் செய்வோர் தமக்கு உதவும் பாதியைக் கூறி நிறுத்துவது வழக்கம். முதுமையிலும் அவ்வழக்கம் எல்லாரையும் விட்டுப் போவதில்லை.

"இந்த வழக்கு நூறாண்டுக்கும் மேற்பட்டது" என்றார் முதியவர். "இங்கிலாந்தில் 1909-ஆம் ஆண்டு நிதியமைச்சராயிருந்த லாயிட் ஜார்ஜ் மோட்டார் வண்டிக்கும் பெட்ரோலுக்கும் வரி விதித்தார். அப்பணம் சாலைக்கே செலவாகும் என்று வாக்களித்தார். 1926-இல் அதே பதவியிலிருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்தச் சாலை நிதியில் கை வைத்தார். மற்றவர் கட்டும் வரியெல்லாம் நாட்டின் பொதுச் செலவுக்கு வரும்போது மோட்டார் வைத்திருப்போரின் வரி மட்டும் ஏன் அவர்களுக்கே திரும்ப வேண்டும் என்பது அவர் வாதம். வண்டி வைத்திருந்தோர் கொதித்தெழுந்தனர். எனினும் 1937-இல் அவ்வரிக்கும் சாலைக்கும் இடையே இருந்த முடிச்சு அவிழ்க்கப்பட்டது."

"முடிச்சு அவிழ்ந்தாலும் கணக்கு என்று ஒன்று உண்டே!" என்றான் பேரன். இப்போது அவன் தன் பாடத்திலிருந்து பேசினான். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் தனிப்பாதைகள் அமைத்து, பாரம் ஏற்றிய வண்டிகளை இரண்டாண்டு ஓட்டிப் பார்த்தனர். அச்சின்மீது விழும் பாரம் இருமடங்கானால் சாலையின் தேய்வு ஏறத்தாழப் பதினாறு மடங்காகும் என்று அதில் தெரிந்தது. "ஆகவே பார லாரி ஓராண்டில் செய்யும் கேட்டினை என் மோட்டார் சைக்கிள் எத்தனை பிறவி எடுத்தாலும் செய்ய முடியாது. நான் கட்டிய வரியே மிகை!"

"அருமையான கணக்கு. அப்படியானால் என் செருப்பு எவ்வளவு தேய்க்கும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்" என்றார் தாத்தா.

பேரன் வாய்விட்டுச் சிரித்தான். அந்த இடைவெளியில் பேருந்து ஒன்று நின்று வழிவிட்டது, இருவரும் கடந்தனர். பேருந்து ஓட்டுநர் கையசைத்ததையும், முதியவர் தலைவணங்கியதையும் இங்கே குறிப்பிட்டே ஆகவேண்டும். சாலையில் சட்டம் செய்யாததை இத்தகைய ஒரு கையசைவு சில வேளைகளில் செய்துவிடுகிறது. ஆனால் அதனை நம்பி எண்பது வயதினரை வெளியே அனுப்ப முடியுமா?

மறுபுறம் சேர்ந்ததும் முதியவர் ஒரு திண்ணையோரம் மூச்சு வாங்க நின்றார். நிற்கும்போது அவருக்குப் பழைய நினைவு வந்தது. சென்னையில் 1895-ஆம் ஆண்டு மே மாதத்தில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று; இலண்டன் தெருக்களிலேயே அப்போது மின்சார டிராம் இல்லை. 1953 ஏப்ரலில், நட்டம் தாங்காமல் கம்பெனி அதனை நிறுத்தியபோது முதியவர்க்கு வயது பன்னிரண்டு. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மவுண்ட் ரோட்டில் டிராம் ஏறியது அவருக்கு மறக்கவில்லை. டிராம் தெருவின் தரையிலேயே வந்து நின்றது. ஏறுவோர் இரண்டு படி ஏறினால் போதும். திருமயிலை நிலையமோ 1997-ஆம் ஆண்டு பக்கிங்காம் கால்வாயின் மீது பெருங்கோட்டை போல எழுந்தது. வண்டி விரைவாகச் செல்கிறது, ஐயமில்லை. ஆனால் அக்கோட்டையின் வாயிலுக்கும் ஊருக்கும் இடையே உள்ள சிறு தொலைவைப் பற்றி அத்தனை அக்கறை எடுத்துக்கொண்டவர் எவரும் இல்லை போலும்.

"அதனால்தான் மெட்ரோ ரயில் வந்தது, தாத்தா" என்றான் பேரன். "2015 ஜூன் மாதத்தில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை தொடங்கியது. இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் ஏறத்தாழ 119 கிலோமீட்டர் வகுத்திருக்கிறார்கள். நான்கு பெட்டி கொண்ட ஒரு வண்டி ஆயிரத்து இருநூறு பேரைச் சுமக்கும். அத்தனை பேரும் ரயிலுக்குப் போய்விட்டால் தெரு தானே காலியாகும். உங்களுக்கும் வழி கிடைக்கும்."

முதியவர் சற்றுநேரம் பேசவில்லை. பேரன் கூறியதில் பெரும்பகுதி உண்மை என்பதை அவர் அறிவார். ரயிலின்றி இம்மாநகர் இனி இயங்காது. எனினும் ஓர் ஐயம் அவரை விடவில்லை.

"அந்த ஆயிரத்து இருநூறு பேரும் நிலையத்துக்கு எப்படி வருவார்கள்?"

"நடந்துதான். சிலர் பேருந்தில்."

"பேருந்து நிறுத்தத்துக்கு?"

"நடந்துதான்."

"நடக்க அஞ்சுகிறவர்?"

பேரன் விடை கூறவில்லை. நடக்க அஞ்சுகிறவர் வண்டி வாங்குவார். வாங்க இயலாதவர் வீட்டில் இருப்பார். ஆயிரக்கணக்கான கோடி செலவிட்டு அமைத்த பாதையை உடைந்த நடைகல் ஒன்று தோற்கடித்துவிடுகிறது.

இது சென்னைக்கு மட்டும் உரிய குறை அன்று. 2022-ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என மைய அரசின் அறிக்கை கூறுகிறது. அவருள் 32,825 பேர் நடந்து சென்றோர். நாளொன்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு பேர். வண்டியின் வேகம் இருமடங்கானால் அதன் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கும் முப்பதில் வரும் காருக்கும் உள்ள வேறுபாட்டை, காருக்குள் இருப்பவர் சில நிமிடங்களாக உணர்கிறார். வெளியே இருப்பவரின் உடலோ அதனை வேறு வகையில் உணர்கிறது.

அரசுகள் இதனை அறியாமல் இல்லை. 1975-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர், காலை வேளையில் நகரின் நடுப்பகுதிக்குள் நுழையும் காருக்கு நாளொன்றுக்கு மூன்று வெள்ளி கட்டணம் விதித்தது. நால்வர் சேர்ந்து வந்த காருக்குக் கட்டணம் இல்லை. வண்டி வைத்திருப்பதற்கு அன்றி, நெரிசலான இடத்தையும் நேரத்தையும் எடுத்துக்கொள்வதற்கு விலை வைத்தது அத்திட்டத்தின் சிறப்பு. சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டில் நடப்போர்க்கும் மிதிவண்டிக்குமெனத் தனிக்கொள்கை வகுத்து, போக்குவரத்துச் செலவில் அறுபது விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. 2019-இல் தியாகராய சாலையில் அகன்ற நடைபாதையும் அமைந்தது; அங்கே முதியவர் ஒருமுறை சென்று, ஒரு கல்லில்கூட இடறாமல் நடந்து வந்ததை வீட்டில் பலநாள் சொல்லிக்கொண்டிருந்தார். கோவை மருத்துவர் ஒருவர் 2012-இல் தொடுத்த வழக்கில், தடையற்ற நடைபாதை மக்களின் வாழ்வுரிமையில் அடங்கும் என 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் உரைத்தது. காகிதத்தில் நடப்பவன் வென்றுவிட்டான் என்றே கூறலாம். தெருவில் அவன் இன்னும் மின்சாரப் பெட்டியைச் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

பேச்சிலே இருவரும் தம் தெருவை அடைந்தனர். விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன. வீட்டு வாயிலுக்கு முன்னே முதியவர் வழக்கம்போல் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கினார். அவ்விடத்தில் அவர் ஏன் இறங்குகிறார் என்பதைப் பேரன் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. அன்று எண்ணினான். சுவரோரமாக, நடைபாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. ஸ்கூட்டர் மோதிய இடமும் அதுவே.

"நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லையே, தாத்தா" என்றான் தாழ்ந்த குரலில்.

"உள்ளே இடமில்லை என்று நீதானே சொன்னாய்?"

பேரன் வாயிற்கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். நடையில், பாட்டி காலத்து இரும்புக் கட்டில் ஒன்று செய்தித்தாள் கட்டுகளைச் சுமந்துகொண்டு கிடந்தது. அவன் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கலானான். முதியவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கட்டிலின் மறுமுனையைப் பிடிக்க வந்தார்.

"நீங்கள் விடுங்கள், உங்கள் மணிக்கட்டு!" என்றான் பேரன்.

"இந்தக் கை நல்ல கை" என்றார் அவர்.