தரிசில் பூப்பது

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கும் சொல் 'தரிசு'. பயிரிடப்படாத நிலம் என்பதே அதன் நேர்ப்பொருள். புழக்கத்திலோ அது ஒன்றுமில்லாத நிலம் என்றாகி, பிறகு என்ன செய்தாலும் கேட்பாரற்ற நிலம் என்றாகிவிட்டது. எங்கள் மல்லாங்கிணற்றைச் சுற்றி, அருப்புக்கோட்டைப் பக்கமும் திருச்சுழிப் பக்கமும், இந்தச் சொல்லைச் சுமந்து கிடக்கும் நிலங்கள் ஏராளம். எங்களுக்குத் தெற்கே கோவில்பட்டிச் சீமையில் கி.ராஜநாராயணனும் பூமணியும் கரிசல் மண்ணுக்கு இலக்கியத்தில் அழியாத இடம் பெற்றுத் தந்தார்கள். ஆனால் கரிசலுக்கு ஊடே, ஏர் இறங்காத செவ்வல் மேடுகளும் சரளைத் திட்டுகளும் உண்டு. அவற்றுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவற்றில் முளைக்கும் ஒரு செடியைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

அதன் பெயர் கள்ளிமுளையான். பார்வைக்குக் கள்ளியின் உறவு போலிருக்கும். உண்மையில் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையென்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. விரல் பருமனில், நான்கு பட்டைகளோடு, சதைப்பற்றான பச்சைத் தண்டுகள் புல்லுக்கும் புதருக்கும் இடையிலிருந்து நிமிர்ந்து நிற்கும். கோடையில் சுருங்கி, மண்நிறம் கொண்டு, அருகில் நின்றாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. மழை பெய்த பின் தண்டின் நுனி மெலிந்து நீண்டு, அதில் சிறுசிறு பூக்கள் தலைகவிழ்ந்து தோன்றும். ஐந்து கூரிய இதழ்கள். கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிறம். சில வகைகளில் இதழோரத்தில் மெல்லிய மயிர் விளிம்பு. காற்று இல்லாதபோதும் அந்த மயிர் அசைவதாகத் தோன்றும்.

குனிந்து முகர்ந்தால் முகம் சுளிப்பீர்கள். இந்தப் பூ ஈக்களுக்கானது. அதன் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. சிறு பொதிகளாகக் கட்டுண்டிருக்கும். வரும் ஈயின் வாயுறுப்பிலோ காலிலோ ஒரு நுண்ணிய கவ்வி அந்தப் பொதிகளை மாட்டி அனுப்பும். அதே ஈ வேறொரு செடியின் பூவில் உள்ள பிளவில் சரியாகப் பொருத்தினால்தான் காய் பிடிக்கும். இணைக்கொம்பு போன்ற காய் வெடித்து, பட்டுக்குஞ்சம் கட்டிய விதைகள் பறக்கும். பறந்த விதை ஏதேனும் ஒரு புதரின் நிழலில் விழவேண்டும். இத்தனை 'வேண்டும்'களைத் தாண்டித்தான் ஒரு செடி.

தாவரவியலில் இதற்கு முதலில் இடம் தந்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சோழமண்டலக் கரையில் பணியாற்றிய அவர், பெயர் பதியப்படாத இந்திய ஓவியர்களைக் கொண்டு செடிகளை வரையச் செய்தார். 1795-இல் லண்டனில் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூலில் இந்தச் செடியும் உண்டு. தெலுங்கு மக்கள் இதை அழைத்த பெயரிலிருந்தே 'கேரலூமா' என்ற பேரினப் பெயர் பிறந்தது. சாமானியர் வாய்ச்சொல் ஒன்று லத்தீன் உடை தரித்து உலகெங்கும் போனது. 2017-இல் ஓர் ஆய்வுக் குழு இந்தப் பேரினத்தையே 'செரோபீஜியா'வுக்குள் அடக்கிவிட்டது.

எங்கள் பெரியம்மா இளமையில் ஆடு மேய்த்தவர். காலையில் குடித்த கூழ் உச்சிவேளை வரை தாங்காது. அப்போது கள்ளிமுளையானை ஒடித்து, பட்டையோரத்தை நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, மடியில் முடிந்து வைத்திருக்கும் உப்பைத் தொட்டுத் தின்பார்களாம். புளிப்பும் கசப்புமாக, வழவழவென்று இருக்கும். தாகமும் பசியும் சற்று அடங்கும். வீட்டில் புளியும் மிளகாயும் வைத்து அம்மியில் துவையல் அரைப்பதும் உண்டு.

இதே செடியின் சாறு இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உடல் மெலிவதற்கான மாத்திரையாக விற்பனையாகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதில் 50 பேர் பங்கேற்றனர். ஒரு பாதிப் பேருக்கு நாளுக்கு 1 கிராம் சாறு, 60 நாட்கள். பசியுணர்வும் இடுப்புச் சுற்றளவும் குறைந்தன. உடல் எடையிலோ போலி மருந்து உண்டவர்களோடு ஒப்பிடக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "நாங்க பசிக்குதேன்னு தின்னோம் யய்யா. அவுக பசிக்கக் கூடாதுன்னா திங்கிறாக?"

பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. தின்னத் தின்னத் துளிர்த்த செடி, வேரோடு மூட்டைகட்டப்படும்போது துளிர்ப்பதில்லை. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அதன் அழிவுக்குப் பெரிய காரணம் அந்த மாத்திரை என்று எனக்குத் தோன்றவில்லை. காரணம், நான் தொடக்கத்தில் சொன்ன சொல்.

சிலப்பதிகாரம் பாலையை ஒரு தனி நிலமாகக் கொள்வதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் நல்லியல்பு கெட்டு அடையும் கோலம் என்கிறது. வறண்ட நிலத்தை ஏதோ ஒன்றின் சிதைவாகக் காணும் இந்தப் பார்வை இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் வெளியான இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்புகளிலும் வறண்ட புல்வெளிகளுக்குக் கிடைத்தது அந்தத் தலைப்புதான். கெட்டுப்போன நிலம் என்றால் திருத்தத்தானே வேண்டும்? 1870களின் பிற்பகுதியில் அன்றைய மதராஸ் மாகாணத்துக் கடப்பைப் பகுதிக்கு வந்து சேர்ந்த சீமைக்கருவேலம், அடுத்த நூற்றாண்டில் இராமநாதபுரச் சீமையை மூடியது. வெட்டவெளியில் வாழப் பழகிய புல்லும் பூவும் அதன் அடர்ந்த நிழலில் ஒடுங்கின. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி அதை அகற்ற ஜேசிபிகள் இறங்கின. எங்கள் ஊர் மேய்ச்சல் மேடு ஒன்றில் அந்த இயந்திரம் கருவேலத்தோடு சேர்த்து ஒரு முழ மண்ணையும் வழித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். நட்டது நிலத்தைத் திருத்துவதற்கு, பிடுங்கியதும் அதற்கே. இரண்டு முறையும் அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளிகள் ஏறக்குறைய முழுதும் உழவுக்குப் போன பிறகு, அவற்றின் அரிய பூக்கள் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் எஞ்சியிருக்கின்றன என்று படித்தபோது வியப்பாக இருந்தது. நான் கடைசியாகக் கள்ளிமுளையானைக் கண்ட இடங்களும் அப்படிப்பட்டவைதாம்: ஓர் அய்யனார் கோயில் திடல், ஒரு சுடுகாட்டு மேடு. சாமிக்கும் செத்தவர்க்கும் விட்ட இடத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. கோயில் திடலிலும் இப்போது சிமெண்டுத் தளம் போடப் பேச்சு நடக்கிறது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம், உள்ளாட்சிதோறும் ஒரு குழு அமைத்து, அந்த ஊரின் செடிகொடிகளையும் அவை பற்றி மக்கள் அறிந்தவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. எனவே நண்பர்கள் இருவரும் நானும் அந்தத் திடலில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு விண்ணப்பிக்கத் தீர்மானித்தோம். எங்களுக்குப் பெயர் தெரிந்த செடிகள் ஒரு பக்கத்தைக்கூட நிறைக்கவில்லை. பெரியம்மாவை ஆட்டோவில் அழைத்துப் போனோம். கையெழுத்துப் போடத் தெரியாதவர். கம்பை ஊன்றி மெல்ல நடந்து, ஒவ்வொரு செடியாகத் தொட்டுக் காட்டிப் பெயரும் பயனும் சொல்லிக்கொண்டே போனார். எந்தப் புல் ஆட்டுக்குப் பாலூறும், எதைத் தின்றால் கழியும், எது எந்த மாதம் பூக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினோம். நாற்பது பக்க நோட்டில் இருபத்திரண்டு பக்கங்கள் ஆயின. மீதியை மழைக்குப் பிறகு வந்து பார்த்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்.