வலக்காது

ஆனையிறவு உப்பளக் காற்று பஸ்ஸுக்குள் அடித்தது. நாலு நாளாய்த் தடிமன் பிடித்திருந்த எட்டு மாதப் பேரன் காதைப் பிடித்திழுத்து வீரிட்டான். உடம்பு கொதித்தது.

"உப்புக்காத்து பட்டிட்டுது. உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெய் ரெண்டு துளி விடுங்கோ" என்றா பக்கத்திலிருந்த ஆச்சி. மகள் என்னைப் பார்த்தாள்.

1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளம் முகாமில் கிடந்தபோது அவளுக்கும் இப்படித்தான். மூன்றாம் இரவு சீழ் வடிந்தது, அழுகை நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று உறங்கினேன். செவிப்பறை கிழிந்துதான் நோ அடங்கியதென்று யார் கண்டது? மாதக்கணக்கில் சீழ் ஓடியது. நானோ எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

கிளிநொச்சியில் இறங்கினோம். டாக்டர் காதுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தார். குழந்தைகளுக்கு மூக்கின் பின்னாலிருந்து காதுக்குப் போகும் குழாய் கட்டை, தடிமனில் அடைபட்டுச் சீழ் கட்டும் என்றார். நிறை பார்த்துப் பனடோல் பாணியும் அன்ரிபயோட்டிக்கும் எழுதினார். அழுகை நின்றாலும் மருந்தை இடையில் நிறுத்தக்கூடாதாம்.

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள், வழக்கம்போல வலக்காதை அவர் பக்கம் திருப்பி.