நோக்கம் என்ற கட்டம்

நகைக்கடன் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. பதினோரு வருஷமாக மற்றவர்கள் அதை நிரப்புவதைப் பார்த்து வருகிறேன். விதை, பள்ளிக் கட்டணம், பிரசவம். போன மாதம் மனைவியின் சங்கிலியை வைத்து 40,000 ரூபாய் வாங்கியபோது நான் எழுதியது: மருத்துவச் செலவு. யாருக்கு என்று எழுதவில்லை.

நாய்க்கு. ஒன்பது வயசு, நிணநீர்ப் புற்றுநோய். ஊசி போடாவிட்டால் ஓரிரு மாதம். போட்டால் ஒரு வருஷம்போல. குணம் என்பது அநேகமாக இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பத்து மாதம்.

மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது, 1963இல் அமெரிக்காவில் மனிதர்களுக்காக அனுமதிக்கப்பட்டது. வங்கி வாசலில் அந்தச் செடி யாரும் நடாமலே பூத்து நிற்கிறது. இதைப் படிமமாக்கக் கை பரபரத்தது. இன்னொருவர் கவிதையில் வந்திருந்தால் மலிவான உருக்கம் என்று நானே எழுதியிருப்பேன்.

'யாருக்கு சார்?' என்றார் காஷியர். 'வீட்டில்தான்' என்றேன்.

அம்மாவின் கடைசி நோயின்போதும் இதே சங்கிலி வீட்டில் இருந்தது. 'எனக்கெதுக்குடா செலவு, வேண்டாம்' என்றாள். உடனே ஒப்புக்கொண்டேன். நாய்க்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாவது ஊசி வருகிற வியாழக்கிழமை.