செய்தி வாசிப்பவர் பார்த்துக்கொண்டிருந்தார்

இலங்கையில் தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆரம்பமாயிற்று. முதலில் கொழும்பும் அதன் சுற்றுப்புறமுமே அதைக் கண்டன. 1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது. எங்கள் வடமராட்சிக் கிராமத்துக்கு அது வந்து சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அதனை எங்களுக்குக் கொண்டுவந்தது அரசாங்கமுமன்று, விஞ்ஞானமுமன்று. சவூதியில் வேலைசெய்த ஒரு பிள்ளையின் வியர்வைதான் அது. உறவுமுறையில் எனக்குப் பெரியையாவான ஒருவரின் மகன், பாலைவன வெயிலில் இரண்டு வருடம் உழைத்து, திரும்பி வரும்போது ஒரு பெட்டியையும் கொண்டுவந்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணங்களை இன்று என் மாணவர்களுக்குச் சொன்னால் அவர்கள் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். பெட்டிக்குள்ளே சிறிய மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பது என் முதலாவது நம்பிக்கை. இதற்கு என்னிடம் ஆதாரமும் இருந்தது. பெட்டியின் பின்புறத்தில் வரிசையாகத் துவாரங்கள் இருந்தன. கையை வைத்தால் வெப்பம் தெரிந்தது. உள்ளே அடுப்பு எரிகிறதென்றும், அவர்கள் செய்திக்கும் பாட்டுக்கும் இடையில் சமைத்துச் சாப்பிடுகிறார்களென்றும் நான் முடிவுசெய்தேன். ஆயினும் ஒரு நாளும் கறி வாசம் வரவில்லை. பாவம், பட்டினி கிடக்கிறார்கள் போலும் என்று இரங்கி, பனங்காய்ப் பணியாரத்தைப் பிய்த்து அந்தத் துவாரங்களின் வழியாக உள்ளே போட்டேன். மறுநாள் எறும்புகள் அணிவகுத்துப் பெட்டிக்குள் போவதைக் கண்ட பெரியையா செய்த ஆரவாரத்தைச் சொல்லி முடியாது. குற்றவாளி யாரென்பது இன்றுவரை வெளிவரவில்லை. இதுவே என் முதல் வாக்குமூலம்.

அம்மம்மாவின் நம்பிக்கை வேறு. செய்தி வாசிப்பவர் நேரே தன்னைப் பார்த்து “வணக்கம்” சொல்லும்போது, அவர் கதிரையிலிருந்து சற்று எழுந்து, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டு, “வணக்கம் தம்பி” என்பார். ஒருவர் முகம் பார்த்து வணக்கம் சொல்லும்போது பேசாதிருப்பது அவர் அறிந்த பண்பாட்டில் இல்லை.

இன்னொரு மயக்கமும் இருந்தது. வானம் அமைதியாயிருக்கும் சில இரவுகளில், கடல் தாண்டிச் சென்னைத் தூரதர்ஷன் எங்களை எட்டிப்பார்க்கும். வெள்ளிக்கிழமையானால் ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கும் ஆசையில் ஊரே அங்கு கூடிவிடும். ஆனால் பெரும்பாலான நாட்களில் திரை முழுவதும் வெள்ளைப் புள்ளிகளே பொரியும், இரைச்சல் கேட்கும். “அங்கை நல்ல மழை போலை” என்பார் அம்மம்மா. தோட்டம் செய்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அந்த மழை இரண்டு நாளில் கடலைக் கடந்து எங்கள் வெங்காயப் பாத்திகளுக்கும் வந்துவிடுமென்று நானும் நம்பிக் காத்திருந்ததுண்டு. வரும் அலை வலுவிழந்தால், கருவி தன் சொந்த இரைச்சலையே பெருக்கிக் காட்டும் என்பதைப் பௌதிகவியல் படித்த காலத்திலேதான் அறிந்தேன்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அதற்காகவே இதனை எழுதுகிறேன்.

பெரியையாவின் வளவில் உயர்ந்த பனை ஒன்று நின்றது. அன்ரனாவை அதன் உச்சியில் கட்டினாலன்றிப் படம் தெரியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பனையேற ஊரில் எல்லோராலும் முடியாது. சீவல் தொழில் செய்யும் ஒருவர் அழைக்கப்பட்டார். அவருடைய மகன் என் வகுப்பில், என் பக்கத்து வாங்கில் இருந்தவன். அவர் தளைநாரைக் காலில் மாட்டி, இடுப்பில் கம்பிச் சுருளைக் கட்டிக்கொண்டு ஏறினார். மேலிருந்து, “தெரியுதோ ஐயா?” என்று கேட்பார். முற்றத்தில் நின்ற நான் உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வந்து, “இன்னும் கொஞ்சம் வடக்காலை!” என்று கத்துவேன். அரைமணி நேரம் அந்தரத்தில் தொங்கியபடி அவர் திருப்பிய திசையிலேதான் எங்கள் ஊருக்குப் படம் வந்தது. காற்றடித்துத் திசை மாறும்போதெல்லாம் அவரே மறுபடியும் ஏறவேண்டும்.

தோழனுக்கும் தொலைக்காட்சி பற்றி ஒரு கொள்கை இருந்தது. “அப்பு முட்டியிலை கள் இறக்கிறது போலைதான் இதுவும். மேலை படம் ஊறும். கம்பியாலை கீழை இறக்குறார்” என்றான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன். பெட்டிக்குள்ளே அடுப்பெரிகிறது என்று நம்பியவன், படம் ஆகாயத்திலிருந்து கம்பி வழியே இறங்குகிறது என்று சொன்னவனைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் இருவரில் உண்மைக்கு அண்மையில் நின்றவன் அவனே.

படம் இறக்கிய மனிதரின் மகன் படம் பார்த்தது யன்னலுக்கு வெளியே நின்றுதான். நாங்கள் பாயில் இருப்போம். அவனும் இன்னும் சில பிள்ளைகளும் வேப்பமரத்தடியில் நின்று, யன்னற் கம்பிகளுக்கிடையே எட்டிப் பார்ப்பார்கள். ஒருவரை இன்ன சாதியார் என்பதற்காகப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் இந்நாட்டில் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. மாவிட்டபுரம் கோயில் வாயிலில் 1968ஆம் ஆண்டு நடந்த போராட்டத்தையும் ஊரார் மறந்திருக்கவில்லை. ஆனால் சட்டமும் போராட்டமும் எட்டிய இடம் தெருவும் கோயிலும். வீட்டு விறாந்தைக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு நாள் பெரியையாவிடம் கேட்டேன்: “அவனை ஏன் உள்ளுக்கை விடேல்லை?”

அவர் கோபிக்கவில்லை. அன்போடு என் தலையைத் தடவினார். “தம்பி, செய்தி வாசிக்கிறவர் இஞ்சை பாத்துக்கொண்டிருக்கிறார். ஆர் ஆர் உள்ளுக்கை இருக்கினம் எண்டு அவருக்குத் தெரியும். கண்டவையையும் விட்டால் படத்தை நிப்பாட்டிப் போடுவினம்” என்றார்.

நான் நம்பினேன். அம்மம்மாவே எழுந்து வணக்கம் சொல்லும்போது, அவர் பார்க்கவில்லை என்று எப்படி ஐயுறுவது? மறுநாள் பாடசாலையில் தோழனுக்கு இதனை ஒரு நற்செய்தி போலவே சொன்னேன். பெரியையாவுக்கு அவன்மீது வெறுப்பில்லை. செய்தி வாசிப்பவரின் கட்டளைதான் காரணம்! அவன் சிறிது நேரம் யோசித்தான். “அப்ப, எங்கடை அப்பு மரத்திலை நிக்கிறதும் அவருக்குத் தெரியுமோ?” என்று கேட்டான். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அன்றிரவு அவன் குளித்து, பாடசாலைக்கு உடுக்கும் வெள்ளைச் சட்டையை உடுத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். மற்றப் பிள்ளைகளை விலக்கி, யன்னலுக்கு நேரே, பெட்டியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடிய இடத்தில் நின்றான். செய்தி வாசிப்பவர் தோன்றி “வணக்கம்” என்றதும், இரண்டு கைகளையும் கம்பிகளுக்குள்ளே நீட்டிக் கூப்பி, எல்லோருக்கும் கேட்க “வணக்கம் ஐயா!” என்றான்.

வீடு சிரிப்பால் அதிர்ந்தது. பெரியையா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவன் எதற்காகக் குளித்து வந்தான் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டுமே தெரியும், தெரிந்தும் சிரித்தேன். இது என் இரண்டாவது வாக்குமூலம். அம்மம்மா ஒருவரே சிரிக்கவில்லை.

அவன் பிறகு வரவில்லை. சில வாரங்களில் கச்சான் காற்று அன்ரனாவைத் திருப்பிவிட்டது. ஆள் அனுப்பினார்கள், அவனுடைய தகப்பனாருக்கு அன்றும் வேலை, மறுநாளும் வேலை, அதற்கடுத்த நாளும் வேலை. பெட்டியில் ஓயாது மழை பெய்தது. அவர் ஏன் வரவில்லை என்று பெரியவர்கள் பலவாறு பேசிக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரமும் இல்லாமற் போயிற்று. பெட்டி மூலையில் ஊமையாய்க் கிடந்தது. அதன் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாய்க் கழற்றியபின், வெறுங்கூட்டில் பெரியம்மாவின் கோழி முட்டையிட்டது. உள்ளே அடுப்புமில்லை, மனிதருமில்லை என்பதை அப்போது கண்ணாரக் கண்டேன். இலத்திரன் கற்றை ஒன்று கண்ணாடியின் ஒளிரும் பூச்சின்மேல் 625 கோடுகளாக, வினாடிக்கு 25 படங்களாக ஓடிய ஓட்டமே நாங்கள் கண்ட அத்தனை முகங்களும். அந்தப் பெட்டிக்கு எங்களைக் காணும் கண்ணில்லை. அதற்குச் சாதியும் தெரியாது. கண்ணும் சாதியும் பெட்டிக்கு வெளியேதான் இருந்தன.

இன்று நான் ஆசிரியன். என் மாணவர்களின் கையிலுள்ள கருவிக்கோ உண்மையாகவே கண் இருக்கிறது. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதை அது குறித்துக்கொள்கிறது. அக்குறிப்பு விளம்பர வியாபாரத்தின் மூலப்பொருளாகிறது. எங்கள் சிறுபிள்ளைப் பேதைமை நாற்பது வருடத்தில் வியாபார உண்மையாகிவிட்டது. 2020ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் அந்தக் கருவிக்குள் புகுந்துகொண்டது. என் வகுப்பில் அது இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு மதிலோரம் நின்று, அவ்வீட்டுப் பிள்ளையின் திரையை எட்டிப் பார்த்துப் படித்தாள் என்பதைப் பின்னரே அறிந்தேன். அதைக் கேட்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கம்பிகளுக்கிடையே நீண்டு கூப்பிய இரண்டு சிறு கைகளே கண்முன் நின்றன.

பிள்ளைகள் தவறாக விளங்கிக்கொள்வது இயல்பு. வளர்ந்தால் அது திருந்திவிடும். “அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் நீ வெளியே நில்” என்று பெரியவர்கள் சொல்லும் பொய் தானாகத் திருந்துவதில்லை. அதனைச் சொல்பவர் முகத்துக்கு நேரே கேட்டாக வேண்டும். கேட்கவேண்டிய கேள்வியை எட்டு வயதிலேயே என் தோழன் கேட்டுவிட்டான்: மரத்தில் நிற்பவரையும் அவருக்குத் தெரியுமோ?