ஏற்கும் கைகள்

சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, 82 வயதான என் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். எலும்பு முறியவில்லை; ஆனால் அண்டை வீட்டார் வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தார்கள். செய்தி கேட்டு ஊருக்கு விரைந்தேன். "உதவிக்கு ஒரு பெண்ணை அமர்த்துகிறேன்" என்றேன். "கைகால் ஓடும்வரை எனக்கு வேற்றாள் எதற்குச் சாமி?" என்றார்கள். நான் பிரசங்கம் செய்தேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுநாள் அருகில் அமர்ந்து வெங்காயம் உரித்தவாறே, "அம்மா, உங்களுக்கு எது பயமாக இருக்கிறது?" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் கழித்துப் பதில் வந்தது: "இன்று ஆள் வைப்பீர்கள், நாளை முதியோர் இல்லத்தில் விடுவீர்கள். அடுப்படியும் போனபின் இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?"

அவர்கள் அஞ்சியது உதவிக்கு அன்று, உரிமை இழப்பிற்கே என்பது அப்போதுதான் விளங்கிற்று. அடுப்படி அவர்களுக்கே என்று முடிவாயிற்று. காலையில் 2 மணி நேரம் மட்டும் ஒரு பெண் வந்து குளிக்கத் துணை நிற்பாள். ஒரு மாதம் பார்ப்பது, பிடிக்காவிடில் நிறுத்துவது. ஆளையும் தாயாரே தேர்ந்தார்கள். இரத்த அழுத்த மாத்திரைகளை, 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர் வீட்டிற்கே கொண்டுவருகிறார்.

மாதம் முடிந்ததும் தாயார் கூறினார்கள்: "அந்தப் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள், சாமி. அவளுக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறேன்."

பாதம் கழுவ வந்த ஆண்டவரைப் பேதுருவும் முதலில் தடுத்தாரன்றோ? கொடுத்தே பழகிய கைகளுக்கு ஏற்பது எளிதன்று. அன்பர்களே, உங்கள் இல்லத்து முதியோரிடம் முடிவைச் சொல்லுமுன், அவர்களது அச்சத்தைக் கேளுங்கள்.