ஒன்பது ஆண்டுகள் உறங்கிய வாகனம்



நாங்கள் வாங்கியது ஓர் ஆடம்பரக் கார்; அதுவும் ஓடாத கார். செய்தியைக் கேள்வியுற்ற உறவினர் பலரும் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "இது வீண்விரயம் ஆகாதா?" என்பதே. கேள்வி நியாயமானது. வீண்விரயத்தைக் குர்ஆன் (17:26, 27) எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை அறிந்த எவரும் அதைக் கேட்கவே செய்வர். அக்கேள்வியை நாங்களும் ஒதுக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதனைக் கையில் வைத்துக்கொண்டே வேலை செய்தோம். அதன் விவரத்தையே இங்கு எழுதுகிறோம்.

காயல்பட்டினத்தில் பிறந்து, இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் கணவனும் மனைவியும் நாங்கள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் ஆங்கிலேய மூதாட்டி தனியாக வசிக்கிறார். அவருடைய கணவர் மறைந்த 2012-ஆம் ஆண்டு முதல் அவரது கொட்டகையில் ஒரு கார் நின்றிருந்தது. 1991-ஆம் ஆண்டின் மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல். கூரை மடங்கும் இரட்டை இருக்கை வாகனம். அதன் முன்கண்ணாடியில் 2012-இல் ஒட்டிய வட்டமான வரிச்சீட்டு அப்படியே இருந்தது. அத்தகைய காகிதச் சீட்டு முறையே 2014-இல் பிரிட்டனில் கைவிடப்பட்டுவிட்டது.

இந்த வகைக் கார் 1989-ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாயிற்று. புரூனோ சாக்கோ தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 2001 வரை தயாரிக்கப்பட்டது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஏறத்தாழ அரை நிமிடத்தில் துணிக் கூரை தானாகவே மடங்கிப் பின்புறப் பெட்டிக்குள் அடங்கும். கார் கவிழும் நிலை வந்தால் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள பாதுகாப்புக் கம்பி நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் எழுந்து நிற்கும். அந்நாளில் இவை பெரும் வியப்பாகப் பேசப்பட்டன. ஆனால் நாங்கள் கண்டபோது அந்தக் கூரையில் பூஞ்சை படர்ந்திருந்தது. பின்புறப் பிளாஸ்டிக் சன்னல் மஞ்சளாகிப் பார்வை மறைந்திருந்தது. நான்கு சக்கரங்களும் காற்றிழந்து தரையோடு ஒட்டிக் கிடந்தன.

முதல் சோதனை விலையிலேயே வந்தது. "ஐந்நூறு பவுண்டு கொடுத்து எடுத்துச் செல்லுங்கள், இடம் காலியானால் போதும்" என்றார் மூதாட்டி. நாங்கள் முன்னரே விசாரித்திருந்தோம். ஓடாத நிலையிலும் அதற்கு மூவாயிரத்தை ஒட்டிய விலை கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. விற்பவர் தாமே கேட்ட விலையைக் கொடுப்பதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆயினும் சந்தை நிலவரம் அறியாதவரின் அறியாமையை இலாபமாக்கிக்கொள்வது எங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை. மறுநாள் அதே வகைக் கார்களின் விற்பனை விளம்பரங்கள் சிலவற்றை எடுத்துச் சென்று அவரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார்.

சொன்னதன் விளைவாக வாகனம் எங்கள் கைக்கு எட்டாமல் போகும் நிலை ஏற்பட்டது. மூவாயிரம் பவுண்டு ஒரே தொகையாக எங்களிடம் இல்லை. வட்டிக் கடன் வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டின் தொடக்ககால முடிவு. விலகிக்கொள்வதாகச் சொன்னபோது மூதாட்டியே வழி காட்டினார்: மாதம் 300 பவுண்டு வீதம் பத்து மாதங்கள், கூடுதலாக ஒரு பென்னியும் வேண்டாம் என்றார். கடனை எழுதிவைத்துக்கொள்ளும்படி கூறும் வசனமே குர்ஆனில் மிக நீண்ட வசனம் (2:282) என்பதை அவருக்கு எடுத்துரைத்து, இரண்டு படிகள் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். அந்த ஏற்பாடு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. 2021 அக்டோபரில் முதல் தவணையைக் கொடுத்தோம். 2022 ஜூலையில் கடைசித் தவணையும் தீர்ந்தது.

வாகனம் எங்கள் கொட்டகைக்கு வந்த அன்றே சில வரம்புகளை வகுத்துக்கொண்டோம். தவணை உட்பட மாதம் 500 பவுண்டுக்கு மேல் இதற்குச் செலவாகக் கூடாது. ஸகாத்தும், ஊரிலுள்ள உம்மாவுக்கு அனுப்பும் பணமும், பிள்ளைகளின் கல்விச் செலவும் முந்திக்கொள்ளும். கார் மிஞ்சியதை உண்ணும். மூன்றாவதாக, நிய்யத்தைத் தெளிவாக்கிக்கொண்டோம். விற்று இலாபம் காணும் எண்ணத்தில் வாங்கினால் அது வணிகப் பொருளாகும். ஆண்டு நிறையும்போது அதன் சந்தை மதிப்பில் நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் கடமையாகும். சொந்த உபயோகத்துக்கான வாகனத்துக்கு ஸகாத் இல்லை. நாங்கள் வாங்கியது ஓட்டுவதற்காகவே.

நீண்டகாலம் நின்ற காரை வாங்கியவர்கள் சாவியைத் திருகிப் பார்க்கத் துடிப்பது இயல்பு. அதை முதலில் செய்யக் கூடாது. ஒன்பது ஆண்டுகளில் சிலிண்டர்களின் உட்சுவர்களில் எண்ணெய்ப் படலம் வற்றிப்போயிருக்கும். ஆகவே ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது எண்ணெய் ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டோம். பின்னர் கிராங்க் ஷாஃப்டின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையாலேயே மெல்லச் சுற்றினோம். முதலில் அசையவில்லை, பிறகு ஒரு பெருமூச்சுப் போன்ற ஒலியுடன் சுழன்றது. அல்ஹம்துலில்லாஹ், எஞ்சின் இறுகிப்போகவில்லை.

அடுத்தது பெட்ரோல். டாங்கியில் மிஞ்சியிருந்தது பெட்ரோல் அன்று. வார்னிஷ் நாற்றம் வீசும் பழுப்பு நீர். அதை வடித்து, குழாய்களையும் வடிகட்டியையும் பம்ப்பையும் மாற்றினோம். இந்த எஞ்சினில் எரிபொருளைப் பகிர்ந்தளிக்கும் உறுப்பின் உள்ளே மிக நுண்ணிய வழிகள் உள்ளன; பழைய பெட்ரோல் அவற்றை அடைத்துவிட்டிருந்தது. அதைப் பிரித்துச் சீர்செய்வது வீட்டு வேலை அன்று. அதற்கென்றே உள்ள பணிமனைக்கு அனுப்பி 650 பவுண்டு செலுத்தினோம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஆகவே அதை முழுவதும் மாற்றி, துருவேறிய காலிப்பர்களையும் ரப்பர் குழாய்களையும் புதுப்பித்தோம். டயர்களின் பக்கவாட்டில் 2307 என்ற எண் இருந்தது. 2007-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டவை என்பது அதன் பொருள். பார்வைக்குப் பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. ஆயினும் ரப்பர் வெடித்திருந்தது. நான்கையும் மாற்றினோம்.

காருக்குள் ஈரம் தேங்கக் காரணம் கூரையில் இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழுள்ள வடிகால் துளைகளில் இலைகள் மக்கி அடைத்திருந்தன. அவற்றைச் சுத்தம் செய்ய ஒரு பைசாவும் செலவில்லை. தரைவிரிப்புகளை வெளியே எடுத்து உலர்த்தி, தோல் இருக்கைகளை மென்மையான சோப்பினால் துடைத்தெடுத்தோம். இத்தகைய வேலைக்கு விற்கப்படும் தூரிகைகளில் பல பன்றியின் முடியால் ஆனவை என்பதைச் சகோதரர்கள் கவனத்தில் கொள்ளவேண்டும். உறையைப் படித்துப் பார்த்து நைலான் தூரிகையை வாங்கினோம். கையுறையும் அவசியம். சீலண்ட், பெயிண்ட் போன்றவை தோலில் படலமாகப் படிந்தால் ஒளூவின் நீர் தோலைச் சேராது. டிசம்பரில் இங்கு நான்கு மணிக்குள் மஃரிப் வந்துவிடும். லுஹரும் அஸரும் நெருக்கமாகவே வரும். ஆகவே வேலையைத் தொழுகைகளுக்கு இடையில் முடியக்கூடிய துண்டுகளாகப் பிரித்துக்கொண்டோம். அது வேலைக்கும் நன்மையாயிற்று. களைப்போடு ஒரு போல்ட்டை முறுக்கி முறிக்கும் ஆபத்து குறைந்தது.

இருக்கைகளுக்கு அடியில் சில பொருள்கள் கிடைத்தன. ஒரு வாசிப்புக் கண்ணாடி, நான்கு பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட சில்லறை, மடித்துவைத்த வேல்ஸ் நாட்டுச் சாலை வரைபடம். கார் எங்களுடையது; அவை எங்களுடையவை அல்ல. ஓர் உறையில் இட்டு மூதாட்டியிடம் ஒப்படைத்தோம். சில்லறையை அவர் சிரித்துக்கொண்டே மேசைமேல் வைத்தார். கண்ணாடியை மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

பெரிய சோதனை துருவில் வந்தது. கதவுகளுக்குக் கீழே, ஜாக்கி வைக்கும் இடங்களின் மூடியைக் கழற்றி ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தோம். இரண்டு இடங்களில் அது ஒட்டவில்லை. என்றோ எவரோ துருவின்மேல் பூசுமாவை அப்பி வண்ணம் அடித்திருந்தனர். சுரண்டியபோது விரல் நுழையும் அளவுக்குத் துளை இருந்தது. மீண்டும் பூசுமாவிட்டு மூடினால் பத்து பவுண்டில் முடியும். அழுகிய தகட்டை வெட்டியெடுத்துப் புதிய எஃகைப் பற்றவைக்க 600 பவுண்டு ஆகும் என்றனர். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. குறை எங்கிருக்கிறதோ அதை மேலே, வாங்குபவர் காணும்படி வைக்கவேண்டும் என்பதே அதன் பாடம். நாங்கள் விற்கப்போவதில்லை என்றாலும், எந்தப் பொருளும் ஒருவரிடமே நிலைப்பதில்லை. பற்றவைக்கும் முன்னும் பின்னும் படம் எடுத்து, பற்றுச்சீட்டுடன் ஒரு கோப்பில் சேர்த்தோம். அக்கோப்பு இன்றும் காரிலேயே இருக்கிறது. எங்களுக்குப் பிறகு வருபவர் முதலில் அதைப் படிக்கட்டும்.

2022 செப்டம்பரில் ஊரிலிருந்து செய்தி வந்தது. உம்மா வீட்டில் தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்கும் அதன் பின்னான பராமரிப்புக்கும் பணம் தேவைப்பட்டது. கொட்டகையின் கதவைப் பூட்டினோம். ஐந்து மாதங்கள் காருக்கென ஒரு பென்னியும் செலவிடவில்லை. கூரையை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் கழற்றிய நிலையில் ஒரு பெட்டியில் கிடந்தன. வீண்விரயமா என்ற கேள்விக்கு எங்களுக்குத் தெளிவான விடை அந்த மாதங்களில்தான் கிடைத்தது. ஒரு பொருள் கட்டளையிட, நாம் கீழ்ப்படியும் நிலை வந்தால் அது விரயம். நாம் நிறுத்து என்றதும் அது நின்றால், அது அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. உம்மா ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கியபின் 2023 பிப்ரவரியில் கதவைத் திறந்தோம்.

கூரையின் சிலிண்டர்கள் பத்துக்கும் மேற்பட்டவை. வயதான ரப்பர் வளையங்கள் கசிந்து, முன்கண்ணாடிக்கு மேலிருந்து எண்ணெய் சொட்டியது. கழற்றிய சிலிண்டர்களை அனுப்பிப் புதிய வளையங்கள் இட்டுப் பெற 780 பவுண்டு ஆயிற்று. பிளாஸ்டிக் சன்னல் குளிரில் மடங்கினால் வெடிக்கும் என்பதால் வெயில் வரும்வரை காத்திருந்தோம். மே மாதத்தில் ஒரு பிற்பகல், பொத்தானை அழுத்தியபோது கூரை ஒருமுறை தயங்கி, பின் எழுந்து, மடங்கி, உள்ளே அடங்கியது.

ஜூலையில் எம்ஓடி எனப்படும் வருடாந்தரத் தகுதிச் சோதனையில் கார் தேறிற்று. கார் விலை 3,000. உதிரிப்பாகங்களும் வெளிவேலைகளும் 3,850. ஆக 6,850 பவுண்டு. வட்டி என்று எதுவும் இல்லை.

அந்த வாரமே மூதாட்டியை அழைத்துக்கொண்டு சார்ன்வுட் குன்றுகளின் பக்கம் சென்றோம். இருக்கை இரண்டே என்பதால், எங்களில் ஒருவர் பின்னால் வேறு காரில் வந்தார். வழியில் அவர் அதிகம் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "அவர் எப்போதும் இதைவிட வேகமாக ஓட்டுவார்" என்றார்.

இத்தகைய வேலையில் இறங்க நினைக்கும் சகோதரர்களுக்குச் சில சொற்கள். துருவை முதலில் பாருங்கள். எஞ்சினைப் பிறகு பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுக்காதீர்கள். உறுதியான தாங்கிகளை வையுங்கள். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அதன் நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வாங்குமுன் விற்பவரின் கண்களைப் பார்த்துச் சொல்லத்தக்க விலையா என்று உங்களையே கேளுங்கள். வீட்டாருக்குரியதைக் கொடுத்தபின் மிஞ்சுவதில் வேலையைத் தொடங்குங்கள்.

எங்களுக்குக் கொடுத்ததில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. உங்கள் இல்லங்களில் உறங்கிக் கிடப்பவற்றையும் நலமாக எழுப்பித் தருவானாக. வஸ்ஸலாம்.