மூச்சின் ஓசையே பெயராயிற்று



அரூரில் வாழும் நமக்குக் கடலே தூரம். கங்கை அதைவிடத் தூரம். ஆயினும் இவ்வாரம் கங்கையில் வாழும் ஓங்கிலைக் குறித்து எழுதுகிறேன். டால்பின் என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், பீகாரில் ஊழியம் செய்யும் நண்பரைக் காணப் பாகல்பூர் சென்றிருந்தேன். மாலையில் படகில் போகையில், கலங்கிய நீரிலிருந்து நீண்ட மூக்கொன்று எழும்பி, 'சூஸ்' என்று மூச்சுவிட்டு மறைந்தது. படகோட்டி அதைச் 'சோன்ஸ்' என்றார். வங்காளத்தில் அது சுசுக், அசாமில் சிஹு. மூச்சுவிடும் ஓசையிலிருந்தே 'சுசு' என்னும் பெயர் பிறந்தது என்பர். 2009இல் நம் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது இதுவே. 2025இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்திய ஆறுகளில் இருப்பவை 6,324.

ஆங்கிலத்தில் இதற்குக் 'குருட்டு ஆற்று ஓங்கில்' என்றும் ஒரு பெயருண்டு. அது பொய்யன்று. இதன் கண்ணில் வில்லை இல்லை. வெளிச்சத்தை உணர்வதற்குமேல் அக்கண் உதவாது. ஆனால் அந்தச் சேற்று நீரில் நல்ல கண்ணுக்குத்தான் என்ன தெரியும்? இது ஓசையை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியால் இரையையும் வழியையும் அறிந்துகொள்கிறது. கரையில் வாழ்ந்தவர்களோ அதன் மூச்சைக் கேட்டே பெயரிட்டிருக்கிறார்கள்.

அன்று இது எனக்குச் சுவையான செய்தி, அவ்வளவே. ஊர் திரும்பிய சில நாட்களில் நம் சபைப் பெரியவர் ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். செவிலியர் பெயர் கேட்டார். பதினோரு ஆண்டுகள் அவருக்குத் திருவிருந்து பரிமாறிய நான் வாயடைத்து நின்றேன். 'கண்தெரியாத தாத்தா' என்றே எல்லாரும் அழைத்தோம். ஜெபக் குறிப்பிலும் நான் அப்படியே எழுதிவந்தேன். படுத்திருந்தவரே முனகலாகத் தம் பெயரைச் சொன்னார்.

எரிகோவின் வழியருகே பிச்சை கேட்டிருந்தவனை லூக்கா 'ஒரு குருடன்' என்கிறார். மாற்கு ஒருவரே பர்திமேயு என்று எழுதிவைத்தார். அதுவும் 'திமேயுவின் மகன்' என்று பொருள்படும் பெயர்தான். இவ்வேதபகுதியில் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன்.

பெரியவர் குணமாகி வீடு திரும்பியபின், தீர்த்தமலை சாலையிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன்னே செருப்போசை கேட்டு, "வாங்க ஐயா" என்றார். நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்தேன். (அப்பெயரை இங்கு எழுத அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை.) அவர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டவ போயி ஒம்பது வருசமாச்சுங்க ஐயா" என்றார்.